இருபத்தெட்டில் பாதி

அராக்ஸியின் மருந்துக்கடையில் இழுப்பறைகள் திறந்தே கிடக்கின்றன.
மூடி என்ன ஆகப்போகிறது என்கிறாள்.
மூன்றாம் வரிசையில், என் மாத்திரை இருந்த இடத்தில்
ஷாம்பு.

நான் கல் பதிப்பவன்.
பெய்ரூட்டின் ஓரம், போர்ஜ் ஹம்மூதில், செருப்புக்கடைக்கு மேலே
ஒரு ஜன்னல், ஒரு விளக்கு.
மின்சாரம் வந்தால் விளக்கு.

முதலில் கொடுத்த பழைய மருந்து
குரலை அடக்கியது, கூடவே என்னையும்.
தாடை மரமானது.
கடுகளவு வைரத்தின் முன்னால் விரல்கள்
நனைந்த நாய்போல் நடுங்கின.
முதலாளி ஹம்பார் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
என் மேசையிலிருந்து கற்களை மட்டும்
எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு வந்தது ஓலான்சபின்.
இரவில் ஒன்று, பத்து மில்லிகிராம்.
ஆறாவது வாரம் விரல்கள் வீடு திரும்பின.
குரல் போனதா என்றால், போகவில்லை;
பக்கத்து வீட்டு வானொலியாயிற்று.
சுவருக்கு அந்தப்புறம் முணுமுணுக்கும்,
காது கொடுக்க எனக்கு நேரமில்லை.

சும்மா தரவில்லை.
நள்ளிரவில், நின்றபடியே
ஆறிப்போன லஹ்மஜூன் நாலு,
தங்கை ஷோகிக் புதன்கிழமைக்கென்று ஒளித்த பாலாடைக்கட்டி,
கடைசியில் சர்க்கரைக் கிண்ணத்தை விரலால் வழித்து.
பதினெட்டு கிலோ.
பெல்ட்டில் புதுத் துளைகளை நானே போட்டேன்.
கையைக் கொடுத்தது, இடுப்பை எடுத்துக்கொண்டது.
பொன்விலை தெரிந்தவன் நான்;
இது நல்ல விலை.

அப்புறம், பணம் பணமாக இல்லாமல் போன வருடம்.
ரொட்டிக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை.
மருந்துக்கு அதுவுமில்லை,
எதன் முன்னால் போய் நிற்பது?
பத்தை ஐந்தாக்கினேன்.
ஐந்தை நாள்விட்டு நாள்.
தூக்கம் முதலில் போனது, சொல்லிக்கொள்ளாமல்.
பக்கத்து வீட்டு வானொலி
என் வீட்டுக்குள் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
பாசமாக.
அதுதான் பயம்.

ஷோகிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
விமானப் பயணிகளைத் தேடினாள்.
லியோனிலிருந்து யாரோ ஓர் அம்மாள்,
பெட்டியில் பால்பவுடர், இன்சுலின், மூன்று பேரின் ரத்த அழுத்தம்,
நடுவில் என் இருபத்தெட்டு.
அராக்ஸியிடம் வைத்துவிட்டுப் போயிருந்தாள்,
முகம்கூட நான் பார்க்கவில்லை.

வாங்கப் போன அன்று
இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்கு முன்னால் ஒருவன்.
கையில் காலி டப்பா, அதே பெயர்.
இல்லை என்றாள்.
மறுபடி கேட்டான், அதே குரலில்.
பதில் சொல்லுமுன் தலையை லேசாகச் சாய்த்து
யாரிடமோ அனுமதி வாங்கினான்.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.

அராக்ஸி ஷாம்புவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினேன்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
காய்கறி வண்டிவரை போனேன்.
திரும்பியது நல்லவன் என்பதால் அல்ல.
அவன் சாய்த்த கழுத்து
எனக்கு வலித்தது.

தகடு வெட்டும் கத்தரி எப்போதும் என் பையில் இருக்கும்.
பட்டையை நடுவே வெட்டினேன்.
பதினான்கு, பதினான்கு.
அவன் சீட்டை அராக்ஸி வாசித்தாள்: ஐந்து மில்லிகிராம்.
பாதியாக உடைத்தால் அவனுக்கு இருபத்தெட்டு நாள்,
எனக்குப் பதினான்கு.
வியாபாரம் தெரிந்தவனாம் நான்.

ராத்திரி பசிக்குமே, என்றேன்.
மத்தானியோஸ் முதல்முறை சிரித்தான்.
"மனைவி குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள்.
கரண்ட் போனது.
உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுப்போனது.
பூட்டு மட்டும் நன்றாக இருக்கிறது."

இன்று பன்னிரண்டாம் நாள்.
லியோனிலிருந்து யாரும் கிளம்பவில்லை.
நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது,
ஆனால் யாரும் அதை
சுவரோரம் தள்ளி வைக்கவில்லை.
மேசையில் ஒரு சிவப்புக்கல், நான்கு கொக்கிகள்.
மூன்றை மடக்கிவிட்டேன்.
நாலாவதற்குக் கை வைக்கும்போது
விளக்கு போனது.
கல்லை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.